டிஸ்க் ஏறி இறங்கிய மாடிப்படி

டிஸ்க் படியில் உருண்ட சத்தத்தை விட, அதற்குப் பின்னால் வந்த "அம்மாடி" என்ற முனகல்தான் இன்ஜினியரை நாற்காலியை விட்டு எழ வைத்தது. எட்டிப் பார்த்தால், வரைபடம் போடும் அம்மாள் படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல சார்" என்றார். தனக்கு என்ன ஆயிற்று என்று மூச்சுவிடவில்லை.

ஊராருக்கெல்லாம் வீட்டு ப்ளான் போட்டுக் கொடுக்கிற அலுவலகம் அது. ஆனால் அதை எந்தப் புண்ணியவான் ப்ளான் போட்டுக் கட்டினானோ தெரியாது. கீழ்த் தளத்தில், எந்த வீட்டுக்கு எவ்வளவு செங்கல், எவ்வளவு சிமெண்ட் என்று கணக்குப் போடுகிறவர். எதைக் கேட்டாலும் மூட்டைக் கணக்கில் பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு 'மூட்டை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வெளிச்சம் வேண்டும் என்று மேல் மாடியில் வரைபட அம்மாள். இரண்டுக்கும் நடுவில் இன்ஜினியரின் அறை. அதன் பின்னால்தான் அவருடைய வீடு. மனைவி தவறிப்போன பிறகு அந்தப் பக்கம் தூங்கப் போவதோடு சரி.

மேலே வரைந்தது கணக்குக்காகக் கீழே போக வேண்டும். கீழே திருத்தியது மேலே வர வேண்டும். இதற்கென்று கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. மாடிப்படியோ இன்ஜினியரின் அறைக்குள் நுழைந்துதான் மேலே ஏறும். டிஸ்க்கோடு யார் வந்தாலும் அதை அவர் மேஜைமேல் வைப்பார்கள், எதிர் நாற்காலியில் சாய்வார்கள், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்பார்கள். அந்த மூச்சு வாங்கி முடிவதற்குள் குழாய் ஒழுகுவது, மைத்துனன் புது வண்டி வாங்கி மறுநாளே மரத்தில் மோதியது, எல்லாம் பேசியாகிவிடும். சாப்பிட்டாச்சா என்று ஒரு கேள்வி. ஜன்னலைத் திறந்துவிட்டு ஒரு நடை. மூட்டை படி இறங்கும்போதுகூட மூச்சு வாங்கினார். உலகத்திலேயே இறங்குவதற்கு மூச்சு வாங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இன்ஜினியருக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. பாவம், படி அவர்களைப் படுத்துகிறது என்றுதான் நினைத்தார்.

அன்று மத்தியானம் வரைபட அம்மாள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இந்த முட்டியை வச்சுக்கிட்டு இந்தப் படியில இனிமே முடியாதுன்னுதான் டாக்டர் சொல்றார்." இன்ஜினியர் யோசித்துப் பார்த்தார். அம்மாள் வேலையை விட்டு நின்றுவிட்டால் மூட்டை மட்டும் யாருக்குக் கணக்குப் போடுவார்? அவரும் போவார். அலுவலகத்தை மூட வேண்டியதுதான். அப்புறம் இந்த வீட்டில் தானும் நாலு சுவரும் மட்டும். நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாளே கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் நெட்வொர்க் ஸ்டோரேஜ் என்று ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார். ஒரு மூலையில் வைத்துவிட்டால் போதுமாம். எல்லாப் படமும் அதற்குள் இருக்கும், யாரும் இருந்த இடத்தை விட்டு அசையாமலே எடுத்துக்கொள்ளலாமாம். உள்ளே இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே சரக்கு.

"ஒண்ணு போயிடுச்சுன்னு வைங்க, இன்னொண்ணு பாட்டுக்கு எதுவுமே நடக்காத மாதிரி ஓடிட்டிருக்கும் சார்" என்றார் கடைக்காரர்.

இன்ஜினியர் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"அதெப்படிங்க ஓடும்?" என்றார்.

கடைக்காரர் அதைத் தொழில்நுட்பச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு ஒரு பேப்பரில் படம் போட்டு விளக்கினார்.

விஷயத்தைச் சொன்னால் இரண்டு பேரும் துள்ளிக் குதிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அலுவலகம் திரும்பினார். அவர்கள் முகத்தைப் பார்த்தால் யாரோ பெட்டி படுக்கையைக் கட்டச் சொன்ன மாதிரி இருந்தது. இரண்டு டிஸ்க் எந்த மூலைக்குப் போதும் என்றார் மூட்டை. இன்ஜினியர் கடைக்குப் போய் நாலு டிஸ்க் பெட்டியைப் பார்த்து வைத்தார். நாலு டிஸ்க் ஓடினால் காற்றாடி மாதிரி இரையுமே, கோடு கோணலாகிவிடும் என்றார் அம்மாள். சத்தம் போடாத பெட்டியைத் தேடினார். கரண்ட் போனால் என்ன செய்வது என்றார் மூட்டை. வாங்க வேண்டிய பட்டியலில் ஒரு பேட்டரியும் சேர்ந்தது. பெட்டி திருட்டுப் போனால், தீப்பிடித்தால், எல்லாப் படமும் ஒரே இடத்தில் இருந்து என்ன பிரயோஜனம், வெளியே இன்னொரு நகல் வேண்டாமா என்றார் அம்மாள். நியாயம்தானே! ஒரு பெட்டி இரண்டு பெட்டியாயிற்று. கடைக்காரர் இப்போது இன்ஜினியரைக் கண்டால் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட ஆரம்பித்துவிட்டார்.

டிஸ்க் மட்டும் முன்பை விடச் சுறுசுறுப்பாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தலை சுற்றிப்போய் இன்ஜினியர் அக்காவுக்குப் போன் போட்டுப் புலம்பினார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏன்டா, அவ கல்யாணம் பண்ணிக்காதவ. அவனும் ஒண்டிக்கட்டை. டிஸ்க்கைச் சாக்கா வச்சு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குதுங்க. நீ பெட்டி வாங்கி அதுங்க பொழப்புல மண்ணைப் போடறே. இது கூடவா தெரியல?"

அட, ஆமாம்! இத்தனை நாளாகத் தன் மூக்குக்கு நேராக ஒரு காதல் படியேறிப் படியிறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தான் ஒரு மரமண்டை. இன்ஜினியருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவரும் ஒரு காலத்தில் பேனாவில் மை இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் போய் நின்றவர்தானே.

உடனே ஒரு யோசனை. இரண்டு பேரையும் கீழே ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டால்? முட்டிக்கும் வேலை இல்லை, காதலுக்கும் தடை இல்லை.

இரண்டு பேரும் பதறிப்போனார்கள். அவர் ரேடியோவை அலற விடுவார் என்றார் அம்மாள். அவங்க ஃபேனைப் போடவே விடமாட்டாங்க என்றார் மூட்டை. எல்லாம் வெட்கம், வேறென்ன என்று இன்ஜினியர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். அம்மாளின் கம்ப்யூட்டரைக் கீழே இறக்க ஆள் கூப்பிடப் போனபோது மூட்டை குறுக்கே வந்து விழுந்தார். வேறு யாரும் தொட வேண்டாம், ஒயரையெல்லாம் தானே கழற்றித் தானே மாட்டிக்கொள்கிறேன் என்று பிடிவாதமாகத் தூக்கி வந்தார். காதல் எப்படியெல்லாம் சுமக்க வைக்கிறது பாருங்கள்.

அடுத்த நாள் காலை இன்ஜினியர் தன் மேஜையில் உட்கார்ந்தார். படியில் ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம் கழித்து ஒரு போன் வந்தது. 'ஹலோ' என்றபோது தொண்டை கரகரத்தது. விடிந்ததிலிருந்து தான் வாயைத் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பசிக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஜன்னல் மூடியே கிடந்தது.

சாப்பாட்டு வேளைக்குப் படியில் காலடி கேட்டது. வரைபட அம்மாள் நொண்டிக்கொண்டே வந்து நின்றார். ரப்பர் வேண்டுமாம். கம்ப்யூட்டரில் படம் போடுகிறவருக்கு எதற்கு ரப்பர்? அவர் இறங்கியதும் மூட்டை வந்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். அவர் சட்டைப்பையில் போன் மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் போன பிறகு மறுபடி அம்மாள். இந்தத் தடவை கையில் ஒரு சாப்பாட்டு டப்பா, அதிகமாகக் கட்டிவிட்டாராம்.

சண்டை போட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்தார் இன்ஜினியர். முன்பாவது இரண்டு பேரும் மாடிக்கு ஒருவராக நன்றாக இருந்தார்கள். தான் மூக்கை நுழைத்துக் கெடுத்தாயிற்று. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வந்து முன்னால் நின்றபோது, வேலையை விடத்தான் வந்திருக்கிறார்கள் என்றே அவருக்குத் தோன்றியது.

"சார், நான் பழையபடி மேலயே போயிடறேன்" என்றார் அம்மாள்.

"படி ஏறினா முட்டி போயிடும்னு டாக்டர் சொன்னாராமே. எனக்குத் தெரியும்மா. அதுக்குத்தானே இவ்வளவு பாடும். நீங்க கஷ்டப்பட்டு, ஒருநாள் முடியாதுன்னு நின்னுட்டீங்கன்னா..." இன்ஜினியர் மேஜைமேல் இருந்த சாப்பாட்டு டப்பாவை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டா இந்த வீட்ல எனக்குன்னு ஒண்ணுமே இல்ல."

அம்மாள் மூட்டையைப் பார்த்தார். மூட்டை கூரையைப் பார்த்தார்.

"எங்க சார் போகப் போறோம்?" என்றார் அம்மாள்.

அந்தப் பார்வை இன்ஜினியரின் கண்ணுக்குத் தப்பவில்லை. இனிமேல் சுற்றி வளைப்பதில் அர்த்தமில்லை என்று தீர்மானித்தார். பெட்டியை வாங்கிவிடுவது. இரண்டு பேரும் அவரவர் மாடியில் நிம்மதியாக உட்காரட்டும். பார்க்க வேண்டுமானால் பகிரங்கமாகவே பார்த்துக்கொள்ளட்டும், கல்யாணச் செலவு தன்னுடையது. கடையிலிருந்து இரண்டே டிஸ்க் போட்ட சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

பெரிய படமெல்லாம் வேகமாகப் போக ஒயர்தான் நல்லது என்றதால், அந்தக் கட்டடத்துக்கு வழக்கமாக வருகிற வயர்மேனை வரச் சொன்னார். வயர்மேன் ஏணியும் கையுமாக வந்தார். இரண்டு பேரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, இன்ஜினியருக்குப் பின்னால் நின்று வயர்மேனைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள், தலையை ஆட்டினார்கள், உதட்டில் விரலை வைத்தார்கள். வயர்மேனுக்கு ஒன்றும் ஏறவில்லை. கொசு அதிகமோ என்று நினைத்தாரோ என்னவோ.

"மேல் மாடியிலேருந்து ஒண்ணு, கீழேருந்து ஒண்ணு, ரெண்டும் இந்தப் பெட்டிக்கு வரணும்" என்று இன்ஜினியர் பெருமையாகக் கையைக் காட்டினார்.

வயர்மேன் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இது எதுக்கு சார் புதுசா? உங்க வீட்டம்மா தவறின மாசமே வெளிச்சுவர் வழியா ஒயர் இழுத்து அந்த ரெண்டு கம்ப்யூட்டரையும் சேர்த்தாச்சே. சாருக்கு மட்டும் தெரிய வேண்டாம், தெரிஞ்சா அவர் தனியா இருக்காரேன்னு எட்டிப் பார்க்கிறதுக்கு எங்களுக்குச் சாக்கு இல்லாமப் போயிடும்னு இவங்க ரெண்டு பேரும்தானே சொன்னாங்க!"