தலைப்பிரட்டைகளின் வானம்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் ஒற்றுமையாக வாழ்ந்துவந்தன என்றுதான் கதையைத் தொடங்க வேண்டும். இந்தக் காட்டில் சிங்கராஜாவிடம் ஒரு குளிர்பெட்டி இருந்தது. ஆகவே அப்படித் தொடங்க வழியில்லை.

பெட்டி பழையது. நகரத்தில் வேண்டாமென்று கழித்துப் போட்டதை மெக்கானிக் மந்தி மலிவாகப் பிடித்துவந்து குகையில் வைத்திருந்தது. அதன் முதுகுப்பக்கக் குழாயில் ஒரு கசிவு. காஸ் கசிந்தால் குளிர் குறையும், குளிர் குறைந்தால் நேற்று அடித்த மான் இன்று நாறும், ராஜா கர்ஜிப்பார். மந்தி ஓடிவந்து, மிச்சமிருந்த காஸை உஸ்ஸென்று வெளியே திறந்துவிட்டு, புதிதாக நிரப்பிவிட்டுப் போகும். கசிவை மட்டும் அடைக்காது. அடைத்துவிட்டால் மறுபடி யார் கூப்பிடப்போகிறார்கள் என்பது அதன் தொழில் தர்மம்.

குகைக்குக் கீழே ஆழமில்லாத ஒரு பாறைக்குட்டை. அதில் மரகதம் என்ற தவளை குடியிருந்தாள். இரண்டு ஈடு முட்டையிட்டும் அவளுக்கு ஒரு குஞ்சுகூடத் தங்கவில்லை. கருப்பு மணிகளாய் மின்னிய முட்டைகள் வெயில் பட்டு வெளுத்து, பூஞ்சை பிடித்து, பஞ்சாகிப் போயின. சொந்தக்காரத் தவளைகள் ஜாதகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். இப்போது மூன்றாவது ஈடு தண்ணீரில் கிடந்தது. மரகதம் சாப்பாட்டுக்குக்கூட நகராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

தெற்குக் கோடியின் பனிக்கடலிலிருந்து வந்த ஆலாப் பறவை ஒன்று இளைப்பாற அங்கே இறங்கியது. முட்டைகளைப் பார்த்ததும் அதற்கு விஷயம் புரிந்துவிட்டது. தான் பறக்கும் உயரத்துக்கும் வெகு மேலே ஓசோன் என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது, சூரியனின் கெட்ட கதிர்களை அதுதான் வடிகட்டி அனுப்புகிறது என்றது. அது மெலிந்தால் கண்ணில் பூ விழும், தோல் கெடும், பயிர்கூடச் சோர்ந்துபோகும், ஆழமில்லாத தண்ணீரில் கிடக்கும் முட்டை பொரியாது.

"அதை யாரு மெலிய வைக்கிறது?" என்று மரகதம் கேட்டாள்.

ஆலா குகைப் பக்கம் கழுத்தைத் திருப்பியது. உஸ்ஸென்று சத்தம் வந்தது.

"கேக்குதா? அது கிளம்பி மேலே போய் அந்தப் படலத்தைத் தின்னுது."

உலகத்தில் மற்ற இடங்களில் அந்த காஸைக் கைவிட்டுவிட்டார்கள் என்றும், அதனால் தெற்கே விழுந்த பெரிய ஓட்டையே மெல்ல மூடிக்கொண்டு வருகிறது என்றும் ஆலா சொன்னது. இங்கேயும் கசிவை அடைத்து, பழைய காஸைத் திறந்துவிடாமல் பிடித்துவைத்து, படலத்துக்குக் கெடுதல் செய்யாத காஸ் போட்ட பெட்டியாக மாற்றினால் போதும். சொல்லிவிட்டுப் பறந்துபோனது. சுலபமான வழியைச் சொல்கிறவர்கள் இந்தக் காட்டில் நெடுநேரம் தங்குவதில்லை.

மரகதம் தத்தித் தத்திக் குகைக்கு ஏறினாள். ராஜா குளிர்பெட்டிக் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் படுத்திருந்தார். பக்கத்தில் செயலாளர் நரி.

அவள் சொன்னதையெல்லாம் ராஜா பொறுமையாகக் கேட்டார். "ஓட்டை எங்கே இருக்குன்னு சொன்னே?"

"மேலே, ராஜா."

"எனக்கும் மேலேயா?"

நரி அவசரமாகக் குறுக்கே வந்து, ராஜாவுக்கு மேலே எதுவும் கிடையாது, ஆனாலும் ஓட்டை இருப்பது வாஸ்தவம்தான் என்று சமாளித்தது. பிறகு வழியும் அதுவே சொன்னது. பெட்டியை மாற்றுவது பெரிய வேலை. ஓசோன் பாதுகாப்பு விழா எடுப்பது சின்ன வேலை. ராஜாவுக்குச் சின்ன வேலை பிடித்திருந்தது.

விழா ராஜாவின் குகையிலேயே நடந்தது. வெயிலைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு வியர்க்குமே என்று மந்தி நகரத்திலிருந்து இன்னும் நாலு பழைய குளிர் எந்திரங்களைக் கொண்டுவந்து மாட்டியது. ஐந்தும் சேர்ந்து உஸ்ஸென்று கச்சேரி நடத்தின. கரடி வரவேற்றது. வரவேற்றதற்காகக் கரடியை முயல் பாராட்டியது. ஓசோன் என்றால் என்ன என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சாப்பாடு தயாராகிவிட்டது. கோரிக்கை வைத்த தவளைக்கு ராஜா தன் கையாலேயே பொன்னாடை போர்த்தினார். போர்த்தியதும் மரகதம் காணாமல் போனாள். கூட்டம் கலைந்து, நரி சால்வையைத் திரும்ப எடுத்து மடிக்கும்போதுதான் கிடைத்தாள்.

முட்டைகளுக்கு என்ன ஆயிற்றோ என்று அவள் விழுந்தடித்துக் கீழே ஓடினாள். அங்கே குட்டை நிழலாக இருந்தது.

விழாவுக்காக ராஜாவின் சிரித்த முகத்தைப் போட்டு 'ஓசோனைக் காப்போம்' என்று ஒரு பேனர் அடித்திருந்தார்கள். பாதையில் இடமில்லாமல் அதைக் குட்டைக்கரையில் மூங்கில் நட்டுக் கட்டியிருந்தார்கள். காற்றில் மூங்கில் சாய்ந்து, பேனர் எதிர்ப்பாறையில் படுத்து, குட்டைக்குக் கூரைபோல ஆகிவிட்டது. ராஜாவின் முகம் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. முட்டைகள் ஒன்றுகூட வெளுக்கவில்லை. உள்ளே கருப்பு மணிகள் லேசாக நெளிந்தன.

இரண்டாம் நாள் நரி பேனரை அவிழ்க்க வந்தது. மரகதம் அதன் காலில் விழுந்தாள். நரி யோசித்தது.

"ஓட்டை இருக்கிற வரைக்கும் பேனர் இருக்கலாம் மரகதம். ஓட்டை மூடிக்கிட்டா அப்புறம் எதுக்குப் பேனர்?"

அவளுக்கு உலகம் அன்றைக்குத்தான் புரிந்தது. முட்டைகள் பொரிந்தன. குட்டை நிறையத் தலைப்பிரட்டைகள். விழாவால் விளைந்த நன்மைக்குச் சான்றாக நரி வெளியூர் மிருகங்களைக் கூட்டிவந்து அவற்றைக் காட்டியது. மரகதமும் சலிக்காமல் ராஜாவின் கருணையைச் சொல்லிச் சொல்லித் தொண்டையைத் தீட்டிக்கொண்டாள்.

இப்படியிருக்கும்போது எருமை வந்தது. இரண்டு கண்ணிலும் பால்போலப் பூ விழுந்திருந்தது. மூக்கால் முகர்ந்து முகர்ந்துதான் குட்டையைக் கண்டுபிடித்தது.

"தங்கச்சி, நீ சொன்னா ராஜா கேப்பாரு. அந்தப் பெட்டிகளை மாத்தச் சொல்லேன். எனக்கு இனிமே தெரியாது, போகட்டும். வீட்டுல கன்னுக்குட்டி இருக்கு."

மரகதம் தண்ணீரைப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு இப்போதுதான் பின்னங்கால் முளைக்கத் தொடங்கியிருந்தது. பேனரைப் பார்த்தாள்.

"அண்ணே, பெட்டியில எல்லாம் கைவைக்க முடியாது. கன்னுக்குட்டிக்குன்னு ஒரு பேனர் கேட்டுப் பாருங்க."

எருமை திரும்பியது. திரும்பும்போது கொம்பு மூங்கிலில் இடித்து, பேனர் ஆடி, ஒரு கீற்று வெயில் தண்ணீருக்குள் பாய்ந்தது. பிள்ளைகள் பயந்து சிதறின.

"பார்த்துப் போகக் கூடாதா?" என்று மரகதம் கத்தினாள். "கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

எருமை போய்விட்டது. மேலே குகையில் ஐந்து எந்திரங்களும் நிதானமாக உஸ்ஸென்றன. பயம் தெளிந்த ஒரு தலைப்பிரட்டை நீந்திவந்து தாயின் காலடியில் ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது.

"அம்மா, வானம் ஏன் எப்பவும் பல்லைக் காட்டிக்கிட்டே இருக்கு?"

"நம்ம மேல அதுக்கு அவ்வளவு பிரியம்," என்றாள் மரகதம்.

நீதி: ஓட்டையை அடைத்தால் எல்லாருக்கும் வானம் கிடைக்கும், அடைக்காமல் விட்டால் நமக்கு மட்டும் ஒரு பேனர் கிடைக்கும். ஆகவே, பிள்ளைகுட்டி உள்ளவர்கள் பேனரைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.