துண்டு போட்டுப் பிடித்த மைதானம்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை இருக்கும் அத்தனை கம்பெனிகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், ஸ்காட்லாந்துக்காகத் தன் வேலையைப் பணயம் வைத்த ஆள் ஒருத்தர்தான் தேறுவார். எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அவருக்குப் பெயர் என்று ஏதோ இருந்தது. நாங்கள் கூப்பிட்டது 'ஸ்காட்லாந்து'.

அவர் கண்ட தூரதேசம் பக்கத்திலிருக்கும் வல்லக்கோட்டை முருகன் கோயில். ஆனால் ஸ்காட்லாந்தில் ஒரு கால்பந்து கிளப் எப்படிப் பிறந்தது என்று செல்போனில் படித்துவிட்டு, நாங்கள் தங்கியிருந்த பிள்ளைப்பாக்கம் விடுதியில் எங்களில் ஒருத்தரையும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்.

"நாலே பசங்க, தலைவா! காசு கெடையாது, ட்ரெஸ் கெடையாது, சொந்தமா ஒரு பந்து கூட கெடையாது. ஊர் பொது மைதானத்துல ஆடிக்கினு இருந்தானுங்க. இன்னிக்கு எம்மாம் பெரிய கிளப்பு தெரியுமா?"

"நம்மகிட்டயும் ஒண்ணும் கெடையாதே," என்றேன், சாம்பாரில் காயைத் தேடியபடி.

"அதத்தான் சொல்றேன். ஆரம்பிச்சிரலாம்!"

ஆரம்பித்தோம். அத்தனை பேரும் காண்ட்ராக்ட் ஆட்கள். ஸ்காட்லாந்துதான் கோல்கீப்பர், பந்து வரும் திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையிலும் பாய்வார். பக்கத்துக் கம்பெனி பசங்களோடு ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பேசியாயிற்று. இடம்தான் இல்லை. விடுதிக்குப் பின்னால் இருந்த ஒரே பொட்டலில் ஞாயிறுதோறும் எங்கள் சூப்பர்வைசரின் கிரிக்கெட் கோஷ்டி ஆடும். நாங்கள் போனால் பந்து பொறுக்கிப் போடலாம், அவ்வளவுதான். அந்த இடம் கிடைக்காவிட்டால் டீம் பிறக்கும் முன்பே செத்துவிடும்.

"அந்த நாலு பசங்களுக்கும் இதே ரோதனைதான்," என்றார் ஸ்காட்லாந்து. "மேட்சுக்கு முன்னாடியே போய் குந்திக்கினு இடத்தப் புடிப்பானுங்க."

ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தால் பொட்டல் முழுக்கத் துண்டு. எங்கள் விடுதிக் கொடியில் காய்ந்த அத்தனை துண்டும், போதாததற்கு என் லுங்கியும். நடுவில் ஸ்காட்லாந்து மல்லாந்து படுத்திருந்தார்.

சூப்பர்வைசர் மட்டையோடு வந்தார். "இன்னாய்யா இது? துண்டு போட்டா இடம் உன்னுதா?"

"கம்பெனி பஸ்ல தெனம் நீங்க துண்டு போட்டுத்தான சார் சீட்டு புடிக்கிறீங்க? நாங்க ஒரகடம் வரைக்கும் நின்னுக்கினே வரோம். அங்க செல்லும்னா இங்கயும் செல்லும்."

"உன் காண்ட்ராக்ட் ரினியூவல் என் கையில கீது. ஞாபகம் வெச்சுக்கோ."

"வெச்சுக்கோங்க சார். கிரவுண்டு என் முதுகுக்குக் கீழ கீது."

என் ரினியூவலும் அவர் கையில்தான் இருந்தது. ஆனாலும் போய் என் லுங்கிமேல் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொருவராக எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். இத்தனை பேரைக் கிளப்ப முடியாது என்று சூப்பர்வைசர் கோஷ்டியைக் கூட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

மேட்சில் செமத்தியாகத் தோற்றோம். "மொத மேட்ச்ல அந்த நாலு பசங்க டீமும் ஒரு கோல் கூட போடல!" என்று ஸ்காட்லாந்து ஜெயித்தவர் மாதிரி கூத்தாடினார். அவர்கள் ஒரு கோலும் வாங்கவில்லை என்பதை மனிதர் சொல்லவில்லை. நான் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மாதக் கடைசியில் எங்கள் எல்லாருக்கும் ரினியூவல் வந்தது. அவருக்கு வரவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் என்னவோ சிரித்துக்கொண்டேதான் ஓசூருக்கு வேலை தேடிப் போனார். பஸ் ஏறும்போது, "கிரவுண்ட வுட்ராதீங்கடா," என்று மட்டும் சொன்னார்.

விடவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்களுடையது. சூப்பர்வைசரே எங்களைக் கேட்டுவிட்டுத்தான் ஆட வருகிறார். போன வாரம் முதல் முறையாக ஜெயித்தோம். எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். எனக்கு மட்டும் அந்த ஆள் இல்லாமல் ஜெயித்தது பிடிக்கவே இல்லை.