என் கடைசி மூச்சு: நேரடிப் பதிவு

சாவைப் பற்றிப் பாட ஆசைப்படுகிறவர்கள் பட்டாசு செய்யும் ஊரில் பிறக்கக் கூடாது. அங்கே அது பாட்டில்லை, தினசரிக் கவலை. பத்தொன்பது வயதில் எனக்கு இது உறைக்கவில்லை.

விருதுநகரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேர் எமோ ராக் குழு ஒன்று தொடங்கினோம். (எமோ என்றால் வேறொன்றுமில்லை. கிதாரைச் சத்தமாக அடித்துக்கொண்டு, கண் மை வழிய, 'நான் செத்துப்போகிறேன்' என்று ஊர் கேட்க அழுவது. மூன்று வேளையும் சோறு கிடைக்கிறவர்களால்தான் முடியும்.) முதல் ஆல்பத்தின் பெயர் 'என் கடைசி மூச்சு'. எட்டுப் பாட்டு. எட்டிலும் நான் மரணத்தை வருந்தி வருந்தி அழைத்திருந்தேன். இணையத்தில் போட்டுவிட்டு, நாங்களே மாறி மாறிக் கேட்டோம்.

பெரிய குழுக்கள் ஆல்பத்துக்குப் பிறகு, அதே பாட்டுகளை மேடையில் பாடிப் பதிந்தும் வெளியிடுவார்கள். நாங்களும் 'என் கடைசி மூச்சு: நேரடிப் பதிவு' விடுவதென்று முடிவானது. (அந்தப் பெயரின் விவகாரம் நாலு பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.) நேரடி என்றால் கூட்டம் வேண்டுமே? விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த அம்மா அதைக் கவனித்துக்கொண்டாள். "எம் மகன் பாடுறான், வந்து கையத் தட்டுங்க" என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வேலை பார்ப்பவர்களையெல்லாம் வேனில் ஏற்றி வந்துவிட்டாள். நாங்கள் பாட எடுத்திருந்த சமுதாயக்கூடம் நிறைந்துவிட்டது.

எமோவுக்கு இருட்டு வேண்டும் என்று ஜன்னல்களை அடைத்தேன். கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறும்போது புகை விடுவார்களே, அந்த மெஷினையும் வாடகைக்கு எடுத்து மேடைக்கடியில் வைத்தேன். முதல் பாட்டு நன்றாகவே போனது. முன்வரிசையில் ஒரு அக்கா, "பாவம், பிள்ளைக்கு என்ன கொறையோ" என்று மூக்கைச் சிந்தினார். இரண்டாவது பாட்டில் 'மரணமே, வா' என்று நான் அலறும்போது புகை கிளம்ப வேண்டும். கிளம்பியது. கூடவே ஸ்பீக்கர் ஒன்று டமார் என்று வெடித்தது.

யாரும் கத்தவில்லை. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். வெடிச்சத்தம் கேட்டால் சாமானைத் தேடாதே, திரும்பிப் பார்க்காதே, வெளியே ஓடு என்று கம்பெனியில் பழகிய கால்கள் அவை. செருப்பும் தூக்குவாளியும் அப்படியே கிடக்க, கூடம் மளமளவென்று காலியானது. அது வாடகைப் புகை என்று எனக்குத் தெரியும். வைத்தவனே நான்தான். ஆனாலும், விஷயம் தெரிந்தவர்கள் இத்தனை பேர் ஓடினால் ஏதோ இருக்கத்தானே செய்யும்? "ஐயோ அம்மா!" என்று அலறி, கழுத்தில் கிதாரோடு பின்வாசல் வழியாக ஓடி, சுவரேறிக் குதித்து, சீமைக்கருவேலம் புதருக்குள் விழுந்தேன்.

முள்ளைப் பிடுங்கியபடி முன்பக்கம் வந்தால், எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் காணோம்.

"உங்கம்மாவா? நீ வெளிய வரலைன்னதும் திரும்ப உள்ள போயிட்டாய்யா. கையப் புடிச்சு இழுத்தோம், நிக்கலை" என்றார் முன்வரிசை அக்கா.

வாடகைப் புகையெல்லாம் எனக்கு மறந்தே போயிற்று. அம்மா தீக்குள் போய்விட்டாள் என்றுதான் தோன்றியது. வாசலை நோக்கி ஓடினேன். நான் படியில் தடுக்கி விழவும், அவள் இருமிக்கொண்டே வெளியே வரவும் சரியாக இருந்தது. முதலில் கன்னத்தில் ஒன்று விட்டாள். பிறகு முகம், கை, முதுகு என்று தடவித் தடவிப் பார்த்தாள்.

"எங்கன சுட்டுச்சுலே?"

"முள்ளுதாம்மா."

அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். எட்டுப் பாட்டிலும் எனக்கு வராத அழுகை அது.

மேடையில் இருந்த பதிவுக் கருவி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வேறு சரக்கு இல்லாததால் அதையே வெளியிட்டோம். ஒன்றரைப் பாட்டு, ஒரு டமார், காலடிச் சத்தம், என் அலறல். பிறகு கொஞ்ச நேரம் புகை மெஷினின் இரைச்சல் மட்டும். அதற்குள் ஒரு குரல் இருமிக்கொண்டே நடந்து வரும்: "ஏலே சரவணா... எங்கனலே கெடக்க? பயப்படாதலே, அம்மா வந்துட்டேன்."

ஆல்பத்தைச் சீண்டாதவர்களெல்லாம் இதைக் கேட்டார்கள். என் அலறல் வரைக்கும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பட்டாசு வேலைக்கு ஆள் போகிற வீடுகளில் யாரும் அதற்குப் பிறகு சிரித்ததில்லை.

அம்மா மட்டும் இன்றுவரை என்னை விடுவதாக இல்லை. அடுப்பில் மிளகாய் வற்றலைப் போடுமுன் கூடத்தைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பாள்: "ஏலே, தாளிக்கப் போறேன், ஓடிறாத!"

என் மனைவி போய்ப் பின்வாசல் கதவைத் திறந்து வைப்பாள்.