போல்ட்டு உடைத்தது யார்?

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எந்தப் போலீஸ்காரரும், எந்த வக்கீலும், எந்த மனைவியும் வரவழைக்க முடியாத உண்மைகளை ஒரே ஒரு மனிதர் வரவழைத்தார். அவர் கையில் லத்தி இருந்ததில்லை. ஒரு துணிப்பையில் பதினேழு சாமான்கள் இருந்தன. பதினேழு என்று உறுதியாகச் சொல்கிறேன். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் எண்ணினேன், போனபோதும் எண்ணினேன்.

அவருடைய பெயர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. 'வாக்குமூலம்' என்றுதான் சொல்லுவோம். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த புதிது. அங்கே ஓர் இரும்பு ஆலையில் அவர் லேத் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், கார்களில் உடைந்து உள்ளே மாட்டிக்கொண்ட போல்ட்டுகளை எடுத்துக் கொடுப்பார், திருகு வரிகள் தேய்ந்துபோன மரைக்குப் புது மரை போடுவார். எங்கள் தெருவில் வீடுகள் பதினொன்று, கார்கள் மூன்று, கார் ரிப்பேர் தமக்குத் தெரியும் என்று நம்பிய ஆண்கள் ஒன்பது பேர். ஆகவே அவருக்கு ஓய்வே கிடையாது.

அவரிடம் ஒரு பிடிவாதம். உடைத்தது யார், எப்படி உடைத்தார் என்று தெரியாமல் பையை அவிழ்க்க மாட்டார்.

"இறுக்கும்போது ஒடிஞ்சா அது உள்ள சொம்மா குந்திக்கினு கீது, தட்னா வந்துரும். கழட்டும்போது ஒடிஞ்சா துரு புடிச்சிக்கினு கீது, சூடு காட்டணும். நீ பொய் சொன்னா நான் தப்பு வைத்தியம் பண்ணுவேன். இன்ஜின் வார்ப்பு வெடிச்சிரும். சொல்லு நைனா, யாரு ஒடச்சது?"

நியாயமான கேள்விதான். ஆனால் போல்ட்டு உடைத்தவன் என்று உலகத்தில் ஒருவனும் இல்லை. நான் விசாரித்தவரை எல்லாப் போல்ட்டுகளும் தாமாகவே உடைந்திருக்கின்றன.

எதிர்வீட்டு இன்ஜினீயர் முதலில் காரை விற்றவரைக் குற்றம் சொன்னார். பிறகு போல்ட்டைச் செய்தவரை. கடைசியில் பழவேற்காட்டு உப்புக் காற்றை.

"உப்புக் காத்து வந்து ஒடச்சிட்டுப் போச்சா சார்? எத்தினி மணிக்கு வந்திச்சி?" என்று கேட்டுவிட்டு வாக்குமூலம் பையைத் தோளில் மாட்டினார்.

ஜன்னலில் இருந்து இன்ஜினீயரின் மனைவி குரல் கொடுத்தார். "ஸ்பானர்ல இரும்புப் பைப்பைச் சொருகி அது மேல ஏறி நின்னாருங்க. விழுந்துடாம நான்தான் புடிச்சிக்கிட்டேன்."

"கழட்டவா, இறுக்கவாம்மா?"

"அது அவருக்கே தெரியாதுங்க."

தெருக்கோடித் தேவாலயத்து ஃபாதரும் ஒரு பழைய கார் வைத்திருந்தார். தன் தவறுகளை ஆண்டவரிடம் மட்டுமே சொல்லுவதாக அவர் கண்ணியமாக மறுத்தார்.

"அவுராண்ட சொன்னா அவுரே வந்து போல்ட்ட எடுப்பாரா ஃபாதர்?"

ஃபாதர் இருபுறமும் பார்த்தார். குனிந்து வாக்குமூலத்தின் காதில் ஏதோ சொன்னார். வாக்குமூலம் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, முழுவதும் கேட்டார். "செரி. இனிமே பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பையை அவிழ்த்தார்.

இவ்வளவையும் வேலியோரம் நின்று பார்த்துச் சிரித்தவன் நான். என் முறையும் வந்தது.

எனக்கு மூத்தவன் பிறந்தபோது மனைவி திருவள்ளூரில் தாய்வீட்டில் இருந்தாள். மகன் பிறந்த செய்தி எனக்குத் தபால் கார்டில், மூன்று நாள் கழித்து வந்தது. மாமனார் எழுதிய கார்டு. அதில் மொத்தம் இருபத்திரண்டு சொற்கள், ஒன்பது மழையைப் பற்றி. அந்தக் கார்டை வைத்துக்கொண்டு நான் பட்ட ஆற்றாமையை மனைவி அறிவாள். இரண்டாவது பிரசவத்துக்கு, "நான் எங்கயும் போகல. நீங்க பக்கத்துலயே இருங்க" என்றாள்.

மாமனார் மரக்கடைக்காரர், கண்டிப்பானவர். சிகரெட் பிடிக்கிறவனுக்குக் கடையில் வேலை கிடையாது. யோசித்து, தன் பழைய கறுப்புக் காரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். எந்த நேரம் வலி எடுத்தாலும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆனால் ஒரு நிபந்தனை.

"இருபது வருஷமா இந்த வண்டியில மெக்கானிக் தவிர ஒருத்தன் கை வெச்சதில்ல மாப்ள. நானே வெச்சதில்ல. நீங்க ஸ்பானர எடுத்தீங்கன்னு தெரிஞ்சிச்சி, வண்டியும் திருவள்ளூர் வந்துரும், பொண்ணும் வந்துருவா."

பத்தொன்பது நாள் பொறுத்தேன். இருபதாம் நாள் காலை இன்ஜினுக்கு அடியில் ஈரம். இன்ஜின் தலையில், தண்ணீர்க் குழாய் வந்து சேரும் இடத்தில் ஒரு மூடி. அதற்கு இரண்டு போல்ட்டு. நிமிஷத்துக்குப் பதினான்கு சொட்டு ஒழுகியது. ஒரு போல்ட்டை லேசாக இறுக்கினேன். பதினொரு சொட்டு ஆயிற்று. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். எட்டு. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை என் கையில் இருந்தது. அதற்குப் பிறகு சொட்டுகளை எண்ண முடியவில்லை.

வாக்குமூலம் வந்தார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரு ஒடச்சது சார்?"

"தானா உடைஞ்சி இருந்தது" என்றேன். வேலியோரம் நின்று சிரித்த அதே நான்.

"தானாவா? தூக்கத்துல பொரண்டு படுத்திச்சா?"

அப்போதுதான் வாசலில் குடை தெரிந்தது. திருவள்ளூரில் இருந்து பஸ் பிடித்து, புதுவாயலில் இறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் மாமனார் வந்து நின்றார். திறந்த பானெட், என் எண்ணெய்க் கை, எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார். நிறைமாத வயிற்றோடு மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கறன் இல்ல சார்? சூடு காட்டவா, தட்டவா? தப்பா சொன்னீங்க, வார்ப்பு பூடும். புள்ளத்தாச்சி நடந்தா ஆஸ்பத்திரிக்குப் போவும்?"

எனக்கு இரண்டு வழி. பொய் சொன்னால் வார்ப்பு வெடித்துக் கார் போகும். உண்மை சொன்னால் காரும் போகும், மனைவியும் போவாள். ஆனால் உண்மை சொன்னால் அவள் திருவள்ளூருக்காவது காரில் போவாள்.

"நான்தான். இறுக்கினேன். ஒரு கால் சுற்று அதிகம்."

மாமனார் குடையை மடக்கினார். "மூட்டையக் கட்டும்மா" என்றார் மகளிடம்.

வாக்குமூலத்துக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. மூடியைக் கழற்றினார். ஒரு கூர் உளியை உடைந்த துண்டின் ஓரத்தில் வைத்து ஆறு தட்டு தட்டினார். துண்டு சுழன்று வெளியே வந்தது. மூட்டை கட்ட உள்ளே போன மனைவி முதல் புடவையை மடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஆனால் அவர் நகரவில்லை. மூடியில் இருந்து எடுத்து வைத்த இரண்டாவது போல்ட்டை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"இது வெரல்லயே கழண்டுகினு வந்திச்சே. மரையே இல்ல. அதான் ஒழுகிக்கினு இருந்திச்சி. நல்ல போல்ட்டு மேல அல்லா பாரமும் பூடிச்சி. அதப் போயி நீங்க இறுக்கினீங்க." பிறகு நகத்தால் எதையோ சுரண்டி எடுத்தார். "தேஞ்ச மரைக்கு வெள்ளித்தாளு சுத்தி உள்ள வெச்சி கீறாங்க. சிகரெட் டப்பா தாளு. இது யாரு வேல?"

"நான் இல்லை" என்றேன். அன்று நான் சொன்ன இரண்டாவது உண்மை.

"சார் சிகரெட் குடிப்பாராம்மா?"

"இல்ல" என்றபடி மனைவி கையில் புடவையோடு வெளியே வந்தாள்.

மூன்று பேரும் மாமனாரைப் பார்த்தோம். அவர் முருங்கை மரத்தைப் பார்த்தார்.

"பெரியவரே, அளவு தெரியணும். அடுத்த சைஸு மரை போட்டா நிக்குமா, அதுக்கும் அடுத்ததா? எத்தினி தபா தாளு சுத்துனீங்க?"

"ஒரே ஒரு தடவைதான்" என்றார் மாமனார். "பெரியபாளையம் போற வழியில. அவசரத்துக்கு."

"எதுப்பா ஒரு தடவ? ஸ்பானரா, சிகரெட்டா?" என்றாள் மகள்.

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஸ்பானர்" என்றார்.

அதன் பிறகு அவர் மூட்டையைப் பற்றிப் பேசவில்லை. வாக்குமூலம் பெரிய மரை போட்டபோது எண்ணெய்க் கிண்ணத்தை அவரே ஏந்தி நின்றார். சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, "புடவையெல்லாம் எடுத்து உள்ள வெச்சிடும்மா" என்று மட்டும் சொன்னார்.

கார் வந்த முப்பத்தோராம் நாள் விடியற்காலையில் மனைவிக்கு வலி எடுத்தது. காரைத் தள்ளி வெளியே விட்டால், கேட்டருகே வாக்குமூலம் துணிப்பையோடு நிற்கிறார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. "புது மரை சார். வழியில பேஜாரு பண்ணிச்சின்னா?" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அன்று அவருக்குக் காலை ஷிப்ட். பொன்னேரி வரை காதை இன்ஜின் பக்கம் சாய்த்தபடியே வந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னை வெந்நீர் வாங்கி வரச் சொன்னார்கள். திரும்பி வரும்போது நர்ஸ் வராந்தாவில் வாக்குமூலத்திடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போவதைப் பார்த்தேன். அவ்வளவு பதற்றமாக உலாத்திக்கொண்டிருந்தவரைத்தான் நர்ஸ் தகப்பன் என்று நினைத்திருக்கிறார். 'தகப்பன் நான் இல்லை' என்று சொல்லவும் வாக்குமூலத்துக்குத் தோன்றவில்லை. எண்ணெய்க் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தார்.

"பொண்ணு சார்! அம்மா நல்லா கீது. கொயந்த நல்லா கீது."

அந்தச் செய்தியை நர்ஸ் முதலில் என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று என் மனைவி இன்றும் சொல்லுவாள். எனக்கு இந்த உலகத்தில் எல்லாவற்றின் மேலும் குறை உண்டு. அந்த ஒன்றில் மட்டும் இல்லை.