நடுத் தவலையும் துணைக் கட்டளையும்

விசுவாவசு வருடம், ஐப்பசி மாதம் 23ஆம் நாள்
9.11.2025, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 6.40
கீழப்பழுவூர்

கடித எண்: 3/2025 (மந்தணம்)

பொருள்: நம் குடும்பத்து இரண்டாம் சோமவாரக் கட்டளை – அதை ஒழித்துவிட்டுப் புதிய கட்டளைகளும் துணைக் கட்டளைகளும் சேர்க்கத் தங்கள் மகன் அரவிந்தன் செய்துவரும் ஏற்பாடுகள் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 4.11.2025 அன்று மாலை மாடிப்படியில் நின்று நானே என் காதால் கேட்டது.

பெரம்பலூர் மாப்பிள்ளை அறிவரசன் அவர்களுக்கு, அய்யாக்கண்ணு வணக்கத்துடன் எழுதுவது.

இவ்விடம் நானும் தனமும் நலம். அவ்விடம் தங்கள் நலத்தையும் தங்கை கொளஞ்சியின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல். அரவிந்தன் உடலளவில் நலம். மற்றதைப் பற்றித்தான் இக்கடிதம்.

தங்கள் வீட்டில் மாடி எடுத்துக் கட்டும் சத்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்க முடியவில்லை என்று தங்கள் மகன் 13.10.2025 திங்கட்கிழமை அன்று இரண்டு பைகளுடன் என் வீட்டுக்கு வந்ததும், மாடி அறையை நான் ஒழித்துக் கொடுத்ததும் தாங்கள் அறிந்ததே. எனக்குப் பிள்ளை இல்லாததால், என் பாட்டனார் நம்மூர்ச் சிவன் கோயிலில் ஏற்படுத்திய கார்த்திகை இரண்டாம் சோமவாரக் கட்டளையை, அதாவது அன்றைய அபிஷேகச் செலவு, புளியோதரைச் செலவு, அதற்கு ஈடாக நமக்குக் கட்டப்படும் பரிவட்டம் ஆகிய அனைத்தையும், வரும் 24.11.2025 முதல் அரவிந்தன் பெயருக்கு மாற்றித் தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்ததும் தாங்கள் அறிந்ததே. தாங்கள் அறியாதது இனிமேல்தான் வருகிறது.

4.11.2025 செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி அளவில் அவனுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு படியேறினேன். அவன் தன்னுடன் வேலை பார்க்கும் பானுப்ரியா என்ற ஜெயங்கொண்டத்துப் பெண்ணுடன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். பேச்சு நடுநடுவே நல்ல தமிழில் இருந்தது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் வாயில் இவ்வளவு தமிழா என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி காப்பி ஆறும் வரைகூட நிற்கவில்லை. கேட்டதைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

"பானு, புதுக் கட்டளைங்களச் சேத்தாச்சு. அதுக்குக் கீழ துணைக் கட்டளை மட்டுந்தான் பாக்கி."

"பழைய கட்டளைய என்ன பண்றது அரவிந்த்?"

"உடனே தூக்குனா பழைய ஆளுங்க சத்தம் போடுவாங்க. கொஞ்ச நாள் பேருக்கு விட்டு வச்சிருந்துட்டு அப்பறமா சத்தமில்லாம எடுத்துருவோம்."

"ஒரு மாற்றுப் பெயரும் குடுத்துரு. ஏற்றுமதிக்குத் தனி துணைக் கட்டளை உண்டுல்ல?"

"உண்டு உண்டு. படிமத்த இழுத்துட்டு வரணும், கொள்கலன ஏற்றுமதி பண்ணணும். வேலைக்கு ஆகாத கொள்கலன எல்லாம் ஒரே அடியா அழிச்சிரணும்."

மாப்பிள்ளை, பத்திரப் பதிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். மாற்றுப் பெயர் வைத்துக்கொள்ளும் ஆசாமி எவனும் நல்ல காரியத்துக்கு வைத்துக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. கட்டளை என்றால் எது என்று எனக்குத் தெரியும். படிமம் என்றால் சாமி சிலை. கோயில் வாசல் பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. கொள்கலன் என்றால் பாத்திரம். இந்த வீட்டில் பழைய ஆள் யார் என்பதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காப்பியைக் கீழே கொண்டுவந்து நானே குடித்துவிட்டேன்.

தனத்திடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு கொரல் நல்லா பதவிசாத்தான் இருக்கு, எந்தத் தெரு, என்னான்னு கேளுங்க" என்கிறாள். கோயில் போகிறது என்கிறேன், இவள் சம்பந்தம் பேசுகிறாள். இப்படி ஒரு வீட்டில் நான் யாரை வைத்துக்கொண்டு விசாரணை நடத்துவது?

மறுநாள் 5.11.2025 பௌர்ணமி, அன்னாபிஷேகம். சாதம் வடிக்க வரிசையாகப் பாத்திரங்கள் இறங்கின. பெரிய தவலை இருந்தது, சின்னத் தவலை இருந்தது, கழுத்தில் கோயில் பெயர் பொறித்த நடுத் தவலையைக் காணோம். பாத்திரம் துலக்கும் முத்தாயியைக் கேட்டேன். "அத நான் கண்ணால பாத்தே வருசம் ஆவப்போவுதுங்க ஐயா. எங்கயோ நல்லா இருக்கும், வுடுங்க" என்றாள். ஏற்றுமதி ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

அன்று இரவு சாப்பாட்டில் சாமர்த்தியமாக, வேறு எதையோ கேட்பதுபோலக் கேட்டேன்.

"தம்பி, கொள்கலன் மொத்தம் எத்தன?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, கூச்ச நாச்சம் இல்லாமல் சொல்கிறான்: "ஓடுறது மூணு மாமா. நிறுத்தி வச்சது ஒரு பத்து இருக்கும். ஒங்களுக்கு எப்புடி இதெல்லாம் தெரியும்?"

"எங்க வச்சிருக்க?"

"மும்பைல ஒண்ணு, சிங்கப்பூர்ல ரெண்டு."

"யாரு அனுமதி குடுத்தது?"

"எனக்கே அனுமதி இருக்கு மாமா. நான்தான நிர்வாகி." இதைச் சொல்லிவிட்டு மோர் கேட்டான். மோரையும் ஊற்றினேன், என்ன செய்வது, தங்கை பிள்ளை.

சனிக்கிழமை இரண்டாவது சனி, ஆபீஸ் இராது என்பதால் 7.11.2025 வெள்ளிக்கிழமையே கோயில் செயல் அலுவலரிடம் நேரில் எழுத்துமூலம் புகார் கொடுத்துவிட்டேன். பெயர் போடவில்லை, "என் இல்லத்தில் தங்கியுள்ள, கண்ணாடி அணிந்த, ஒரு நபர்" என்று மட்டும் குறிப்பிட்டேன். 13.11.2025 வியாழன் காலை பத்து மணிக்கு மடப்பள்ளிப் பாத்திரங்களை எண்ணுவதாக அவர் சொல்லியிருக்கிறார்.

எனவே தாங்கள் இது குறித்து 12.11.2025க்குள் விளக்கம் அளிக்க வேண்டும். தவறினால் கட்டளையை அரவிந்தனுக்குத் தரமாட்டேன். கோயிலுக்கே எழுதிக் கொடுத்துவிடுவேன், மூன்று தலைமுறைப் பரிவட்டம் என் தலையோடு முடியட்டும். போன வாரம்தான் அவனுக்குப் பட்டுக்கரை வேட்டி எடுத்து வைத்தேன். அவனிடம் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள், உஷாராகிவிடுவான்.

கொளஞ்சிக்கும், பாதி எழும்பி நிற்கும் தங்கள் மாடிக்கும் அம்பாள் துணையிருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
சி. அய்யாக்கண்ணு
தலைமை எழுத்தர் (ஓய்வு), கட்டளைதாரர் (இன்று வரை)

பின்குறிப்பு (12.11.2025, புதன்கிழமை, பகல் மணி 1.35, இராகு காலம் கழிந்தபின்):

இன்னும் தபாலில் சேர்க்காத இக்கடிதத்தில் மேலே "பொருள்" முதல் "ஆசிகள்" வரை உள்ள அனைத்தையும், ஆசிகள் நீங்கலாக, இல்லாததாகக் கருதவும். கிழித்துப் போடச் சொன்னாள் தனம். எண் போட்ட கடிதத்தைக் கிழிக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

நேற்று மாலை செயல் அலுவலர், கண்ணாடி அணிந்த நபரை விசாரிக்க வீட்டுக்கே வந்துவிட்டார். அரவிந்தன் முதலில் விழித்தான். புகாரைப் படித்ததும் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அவன் சொன்னதன் சாரம்: ஒரு புரோகிராமை, அதற்கு வேண்டியது அத்தனையும் சேர்த்து, கட்டுச்சோறு மாதிரி ஒரே மூட்டையாகக் கட்டி, எந்த ஊர்க் கம்ப்யூட்டரிலும் இறக்கிப் பிரித்து ஓட வைக்கலாமாம். ஓடுகிற மூட்டைக்குக் கொள்கலன் என்றும், அதை வார்க்கிற அச்சுக்குப் படிமம் என்றும் பெயராம். அதை நடத்த நாம் தட்டச்சு செய்யும் உத்தரவுதான் கட்டளை. முன்பு எல்லாக் கட்டளைகளும் ஒரே கும்பலாக நின்றனவாம். இப்போது கொள்கலன் என்ற தலைக் கட்டளையின் கீழ் பட்டியல், நிறுத்து, அழி, ஏற்றுமதி என்று துணைக் கட்டளைகளாகப் பிரித்திருக்கிறார்கள். இவனும் பானுப்ரியாவும் சம்பளம் இல்லாமல் அதைத் தமிழில் எழுதுகிறார்கள். பழைய ஆட்கள் என்பது பழைய கட்டளையிலேயே கை பழகியவர்களாம், நான் இல்லையாம். மாற்றுப் பெயர் என்பது நீளமான கட்டளைக்கு வைக்கும் சுருக்கப் பெயராம்.

"அழின்னா ஒடனே அழிச்சிருமா? பாத்தியப்பட்டவங்களுக்கு ஒரு நோட்டீஸ் கெடையாதா?" என்று கேட்டேன். அரவிந்தன் சிரிப்பதை நிறுத்தினான். இதற்குள் அவன் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டிருந்த பானுப்ரியா, "அங்கிள், சந்தேகப்படுறதுக்குத்தான் எங்களுக்கு ஆளே இல்ல, நீங்க வாங்க" என்றாள். என்னென்ன அழியப் போகிறது என்பதை முதலில் காட்டும் 'முன்னறிவிப்பு' என்ற துணைக் கட்டளையை என் பெயரில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் புரோகிராமை நடத்தும் வெளிநாட்டுக்காரர்கள் யாரோ ஒப்புதல் தர வேண்டுமாம். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விசாரித்து வருகிறேன்.

புகாரை வாபஸ் பெற்றேன். "வாபஸ் வாங்கினாலும் எண்ணறேன்னு எழுதிட்டேன், எண்ணித்தான் ஆவணும் சார்" என்று சொல்லிப் போனார் அலுவலர். அவர் தலை மறைந்ததும் தனம் வாயைத் திறந்தாள்.

"நடுத் தவல பெரம்பலூர்ல ஒங்க தங்கச்சி வூட்டுலதான இருக்கு? போன வருசம் கட்டள அன்னிக்கு புளியோதரையோட நீங்கதான தூக்கிட்டுப் போயி பஸ் ஏத்துனீங்க."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

"நீங்க படிமம் போச்சு, கொள்கலன் போச்சுன்னீங்க. தவலன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

25.11.2024, திங்கட்கிழமை. நினைவு வந்துவிட்டது. கொளஞ்சி அதில் உளுந்து கொட்டி வைத்திருப்பதாகத் தனம் சொல்கிறாள். உளுந்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றவும். அலுவலரிடம் தவலை பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளை காலை பத்து மணிக்குள் அது மடப்பள்ளிக்கு வந்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமும் இராது.

கடிதம் அரவிந்தன் கையிலேயே வருகிறது. உறையின் குறுக்கே கையெழுத்திட்டு ஒட்டியிருக்கிறேன். பிரித்த அடையாளம் இருந்தால் எனக்குத் தெரிவிக்கவும்.

இத்துடன் இணைத்துள்ளவை:

1. 7.11.2025 தேதியிட்ட புகாரின் நகல்.
2. அதை வாபஸ் பெற்ற மனுவின் நகல்.
3. இரண்டாம் சோமவாரக் கட்டளையை அரவிந்தனுக்கு ஒப்படைக்கும் கடிதம், என் கையொப்பத்துடன்.
4. பட்டுக்கரை வேட்டி, ஒன்று.
5. அரவிந்தன், ஒன்று. (தவலையுடன் முதல் பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பவும். தவலை வெளியே தெரியாமல் சாக்கில் கட்டவும்.)