பதினெட்டுப் படி கீழே இருக்கும் சாட்சிக்கு

ஜனக்புரி, முதல் மாடி.
ஞாயிறு, சித்திரை 14.

அன்புத் தங்கச்சி சாந்தகுமாரிக்கு, உனக்கு நேர் மேல் வீட்டில் குடியிருக்கும் அண்ணன் மாசிலாமணி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணியும் முருகன் புண்ணியத்தில் சுகம். உன் சுகத்தை உன் குக்கர் விசிலை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். நேற்று மூன்று, இன்று இரண்டு, ஆகவே குறை ஒன்றும் இல்லை. அம்பாலாவில் டூட்டியில் இருக்கும் மாப்பிள்ளை பரமசிவத்துக்கும் என் நமஸ்காரம். பதினெட்டுப் படி இறங்கி வந்து சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறானே என்று நினைக்காதே. ஐந்து நாளாக இறங்கி வந்து பார்த்துவிட்டேன். பெல் அடித்தால் கதவு திறக்கவில்லை, உள்ளே சீரியல் சத்தம்தான் கூடுகிறது.

விஷயம் கேஸ் விஷயம். மார்கழியில் நம் பாத்ரூமை உடைத்துப் புதிதாகப் பூசிக் கொடுத்த கான்ட்ராக்டர் தரம்பீர் மேல் நான் கேஸ் போடப் போவது காலனிக்கே தெரியும், ஏனென்றால் காய்கறிக்காரன் முதற்கொண்டு எல்லாரிடமும் நான்தான் சொன்னேன். ஹாலில் சோபாவுக்குப் பின்னால் பெயின்ட் அப்பளமாட்டம் உப்பிக்கொண்டு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். இவன் வேலை சரியில்லை, கோர்ட்டில் நிறுத்துகிறேன் பார் என்று குதித்து, பக்கத்து பிளாக் வக்கீல் பொண்ணு ப்ரீதாவிடம் சொல்லி, வந்து பார், பதில் சொல் என்று நோட்டீஸும் அனுப்பியாச்சு. பதில் வந்தது. கூடவே ஒரு போட்டோ, ஒரு வீடியோ, ஒரு வாழ்த்து மடல்.

பொங்கல் விழாவில் நம் தமிழ் மன்ற மேடையில் தரம்பீருக்கு நான் பொன்னாடை போர்த்தியது உனக்கு மறந்திருக்காது, தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நீதான். கூப்பிட்ட டாக்டர் வரவில்லை, வாங்கின பொன்னாடை சும்மா கிடக்கிறதே, நம்ம வீட்டுப் பாத்ரூம் அப்போதுதான் முடிந்திருக்கிறதே என்று ‘நீர் காத்த நாயகன்’ பட்டத்தோடு போர்த்தி, ஒரு வாழ்த்து மடலையும் கையில் கொடுத்துவிட்டேன். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, நானே ட்ரில் மெஷின் இரவல் வாங்கி ஹாலில் மாட்டியதையும் நீ பார்த்திருக்கிறாய்.

ப்ரீதா தில்லியிலேயே பிறந்த பொண்ணு. தமிழ் பேசும், படிக்க வராது. “அங்கிள், நீங்க மடலைப் படிங்க, நான் இங்கிலீஷ்ல டைப் பண்றேன்” என்றது. நான் சொல்லி எழுத வைத்ததை நானே கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். “இவர் பூசிய சுவரில் எறும்பு குடிக்கக்கூட ஒரு சொட்டு கசியாது.”

“எறும்பு அவசியமா அங்கிள்?”

“எழுதியிருக்கே பாப்பா.”

“கீழ யார் கையெழுத்து?”

“என்னுதுதான்” என்று ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அப்புறம் வீடியோ. நான் பொன்னாடையைப் பிரிக்கும்போது நீ மெதுவாகச் சொல்கிறாய், மைக்கில் விழுந்திருக்கிறது: “அண்ணே, பத்து நாள் குளிச்சுப் பாத்துட்டுப் போத்தலாமே.” உடனே நான் மைக்கைப் பிடித்து, “எந் தங்கச்சி கல்யாணத்துக்கே மாப்பிள்ளைய ஒரு ராத்திரி தண்ணியில ஊறவச்சுப் பாத்துட்டுத்தான் கழுத்த நீட்டுனா” என்கிறேன். இருநூறு பேர் சிரிக்கிறாங்க. அன்னைக்கு நான் கூட்டத்தத்தான் பாத்தேன். ப்ரீதாவோட லேப்டாப்புலதான் முதல் தடவையா உன் மூஞ்சியப் பாத்தேன். வெத்தலைய எண்ணுற மாதிரி தட்டையே பாத்துக்கிட்டு நிக்கிற. அந்தப் பொண்ணு அங்கேயே நிறுத்திட்டு, “அங்கிள், இந்த ஆன்ட்டி ஒருத்தங்கதான் நம்ம சைடு. அவங்க சீலிங் நனைஞ்சிருந்தா ஒரு போட்டோ, ஒரு சாட்சிக் கையெழுத்து. இல்லாட்டி கேஸ் நிக்காது” என்றது.

அதற்குத்தான் செவ்வாய்க்கிழமை இறங்கி வந்தேன். உன் தையல் மெஷின் அடுப்படியில் இருக்கிறது. மெஷின் இருந்த இடத்தில் பக்கெட். ஊரார் ஜாக்கெட் துணியெல்லாம் பாலிதீன் பையில் கட்டிக் கட்டில் மேலே. எப்ப இருந்து என்றேன், மாசியிலிருந்து என்றாய். சொல்ல வேண்டியதுதானே என்றேன். “சொன்னா மைக் புடிச்சுப் பேசுவீங்க” என்றாய். அதைக் கேட்டு ஒரு மனுஷன் என்ன செய்யணும், வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கெட்டையாவது எடுத்துக் கொட்டணும். நான் என்ன செஞ்சேன், “வீட்டுக்குள்ளயே குத்தாலம் வச்சிருக்க, டிக்கெட் போட்டிருக்கலாமே”ன்னேன். கதவு சாத்துனது நியாயம். தரம்பீர கோர்ட்டுல நிறுத்திடலாம், இந்த வாய எந்தக் கோர்ட்டுல நிறுத்துறது. மன்றத்து மேடையிலயே மன்னிப்புக் கேட்டுடுறேன்னு உன் அண்ணிகிட்ட சொன்னேன். “இன்னும் மைக்கா?”ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா.

ஆகவே தங்கச்சி, ப்ரீதா கொடுத்த சாட்சித் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை. போட்டால் கேஸுக்கு ஆச்சு, போடாவிட்டால் எனக்கு நன்றாக வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் துணிமணியோடும் மெஷினோடும் நனையாமல் நூறு வயசு இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டும்,

உன் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் அண்ணன்,
மாசிலாமணி.

பின்குறிப்பு: இதை மடித்துக்கொண்டிருக்கும்போதே தரம்பீர் வந்துவிட்டான், நோட்டீஸில் வந்து பார் என்றிருந்தோமே. வெயிலுக்குத் தலையில் கட்டியிருந்தது அதே பொன்னாடை. உப்பின சுவரில் கையை வைத்தான், தடவிக்கொண்டே மேலே போனான், நம் பெரிய போட்டோவைக் கழற்றினான், ஆணியைப் பிடுங்கினான். நூல் மாதிரி தண்ணி அடித்தது. “பாய் சாப், யே கீல் கிஸ்னே டோகா?” என்று கேட்டான். ஆணி அடித்தது யார் என்றதும் உன் அண்ணி கையை என் பக்கம் நீட்டினாள். போட்டோ மாட்ட நான் போட்ட ஓட்டை நேராக உள்ளே இருந்த பைப்பில் இறங்கியிருக்கிறது. அவன் பூச்சில் எறும்புக்குக்கூட ஒரு சொட்டு இல்லை. மடலில் எழுதியது அத்தனையும் நிஜம். பொன்னாடையை மடித்து முழங்காலுக்குக் கீழே போட்டு உட்கார்ந்து பைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். என்னைத் திட்டக்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. கேஸ் இல்லை, கையெழுத்து வேண்டாம், அந்தத் தாளில் பக்கெட் தண்ணியைத் துடைத்துவிடு. சாயங்காலம் சொட்டு நின்றிருக்கும். சுண்ணாம்பும் ஏணியும் எடுத்துக்கொண்டு வருகிறேன். உன் மெஷினைத் தூக்கிப் பழைய இடத்தில் வைக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ கதவை மட்டும் திற.