கைகட்டி நிற்கும் கவனிப்பு

அன்புள்ள கொழுந்தனாருக்கு, அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதினால் மேலே இருப்பவன் கேள்வி கேட்பான் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டு, அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அவனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போட்டு, "அண்ணி, அங்க கவனிப்பு எப்படி?" என்று கேட்கிறீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அண்ணன் பக்கத்திலிருந்து, "நல்லாருக்குன்னு சொல்லு, அவன் பார்த்துக் குடுத்த இடம், வருத்தப்படுவான்" என்று கிசுகிசுக்கிறார். நானும் நல்லாருக்கு என்று சொல்லி வைக்கிறேன். ஆனால் கணக்கு என்று எழுத உட்கார்ந்தால் வரவு, செலவு இரண்டு பக்கமும் எழுதித்தானே ஆக வேண்டும்? வரவை முதலில் வைக்கிறேன். தரை பளிச்சென்று இருக்கிறது, முகம் பார்த்துத் தலை வாரலாம். மாத்திரை நேரம் தவறுவதில்லை. சாப்பாடு சூடாக வருகிறது. பெரிய சிஸ்டர் சிரித்த முகம். ஆபரேஷன் ஆன இடத்தில் புண் நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வரவு இத்தோடு முடிந்தது. செலவுப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான், ஆனால் பெரிய வரி: இந்தப் பராமரிப்பு இல்லத்தில் யாரும் எதையும் செய்வதில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் மளிகைப் பொட்டலத் தாளைப் பிரித்துப் பிரித்துப் படித்து எழுத்துக் கற்றவள், எனக்கு விவரம் பற்றாது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கண் இருக்கிறதே. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவருகிறவள் மேஜையில் அவருக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். அவர் தட்டைப் பார்க்கிறார், தட்டு அவரைப் பார்க்கிறது, இரண்டும் ஆறிப்போகின்றன. நான் எடுத்து ஊட்டப் போனால் பெரிய சிஸ்டர் வந்து, "அம்மா, அவருக்கு உடைஞ்சது இடுப்பு, கை நல்லாத்தானே இருக்கு?" என்கிறார். "இடுப்பு உடைஞ்சவர் சாப்பிடக் கூடாதா?" என்றேன். "நல்லா சாப்பிடட்டும். எட்டி எடுத்துச் சாப்பிடட்டும்" என்றார், அதே சிரித்த முகத்தோடு. சட்டை போடுகிற கதை அதைவிட மோசம். அவர் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டு, சட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, பார்க்கவே பாவமாக உட்கார்ந்திருக்கிறார், சுற்றி நின்று மூன்று பேர் "சூப்பர் சார்!" என்று கைதட்டுகிறார்கள். டாக்டரும் வந்து கைதட்டினார், தம்பி. கலியாணத்தன்று கூட அவருக்கு இத்தனை பேர் கைதட்டவில்லை. பெல் அடித்தால் வருகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை, வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "என்ன சார் வேணும்? தண்ணியா? ஜக்கு உங்க வலது பக்கம்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வழி சொல்வதற்கு ஆள் எதற்கு, ஒரு பலகை எழுதி மாட்டினால் போதாதா?

இதற்கெல்லாம் மேலே ஒரு பெண் இருக்கிறாள், நடக்கப் பயிற்சி கொடுக்கிறவள். நம் சின்னவளைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். நாள் முழுக்க அவள் வாயில் வருவது ஒரே மந்திரம், "கையை எடுங்கம்மா." அவர் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போடுவார், நான் தோளைப் பிடிப்பேன், கையை எடுங்கம்மா. வாக்கரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்ப்பார், நான் முழங்கையைத் தாங்குவேன், கையை எடுங்கம்மா. கடைசியில் என்னையே அறையிலிருந்து எடுத்துவிட்டாள். கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சைப் பிடித்து எழுந்திருக்க, எனக்கும் மூச்சு முட்டி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து நானும் கூடவே எம்பியிருக்கிறேன் போல, கதவு திறந்துகொண்டு அப்படியே உள்ளே போய் விழுந்தேன். எல்லாரும் என்னைத் தூக்க ஓடி வந்தார்கள். ஆக, இந்த இல்லத்தில் தூக்கிவிடவும் தெரியும், ஆள் பார்த்துத்தான் செய்கிறார்கள். உங்கள் அண்ணன் அந்தக் கலவரத்தில் திரும்ப உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கு இது போதும், நாளைக்குப் பார்ப்போம்" என்றார். அவருக்கு எல்லாமே நாளைக்குத்தான். வலி இல்லை தம்பி, பயம். காலமெல்லாம் பஸ் ஓட்டினவர், மலைச்சாலையில் கூட ஒரு கையில் ஸ்டீயரிங் பிடித்தவர், இப்போது கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருக்கிற தரையை வெள்ளம் வந்த ஆறு மாதிரிப் பார்க்கிறார்.

விழுந்ததில் அடிபட்ட முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் அந்தப் பெண் வந்து உட்கார்ந்து, "அம்மா, அவர் நடக்காததுக்குக் காரணம் நீங்கதான். தண்ணி வேணும்னு அவர் நினைக்கிறதுக்கு முன்னாடியே நீங்க டம்ளரோட நிக்கிறீங்க" என்றாள்.

"அதுக்குப் பேரு குடும்பம்டி" என்றேன்.

"இங்க அதுக்குப் பேரு இடைஞ்சல்மா" என்றாள்.

கேட்டீர்களா? வாக்கப்பட்ட நாளிலிருந்து பார்த்துப் பார்த்துச் செய்தவளுக்கு வைத்த பெயர். அப்புறம் பெரிய சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. வருகிற வெள்ளிக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து முடிவெடுப்பார்களாம். "அவரா எழுந்து அறை வாசல் வரைக்கும் நடந்துட்டார்னா வீட்டுக்கு அனுப்பிடலாம். இல்லைன்னா மாடிதான்மா, வேற வழியில்ல." மாடி என்பது நிரந்தரமாக இருக்கிறவர்களுக்கு. அதைக் குறை சொல்ல மாட்டேன், போய்ப் பார்த்தேன், காற்றோட்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாடிக்குப் போகிறவர்களின் செருப்பை ஒரு பையில் போட்டு வீட்டார் கையில் கொடுத்துவிடுகிறார்கள், இனித் தேவைப்படாது என்று. அந்தப் பையோடு ஒரு அம்மாள் லிப்ட் பக்கத்தில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே தம்பி, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்து, உங்கள் ஆபீஸ் குரலில் இவர்களிடம் பேசி, அண்ணனை வேறு ஏதாவது இடத்துக்கு மாற்றிக் கொடுங்கள். கை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடமாக இருக்கட்டும். மெத்தையும் இங்கே கல் மாதிரி. காலையும் மாலையும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆண்டவனிடம் முறையிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவனும் இங்கேதான் வேலை கற்றுக்கொண்டான் போலிருக்கிறது, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறான். இப்படி எழுதியதற்கு அவனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை, அசதிதான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசில்லை, எழுந்தால் உட்கார நேரமில்லை.

நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நோய் நொடி அண்டாமல், யாருடைய கையையும் எதிர்பார்க்காமல், நீண்ட காலம் வாழ மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு, உங்கள் அண்ணி.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு மனசு உறுத்தியது. மெத்தை கல் மாதிரி என்பது உங்கள் அண்ணன் சொன்னது, நான் பார்த்ததில்லை. பார்க்காததை எழுதுவது பாவம். மத்தியானம் அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார், கட்டில் காலி. சரி, படுத்துத்தான் பார்ப்போமே என்று படுத்தேன். கல் இல்லை தம்பி. கண் தானாக மூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிஸ்டர் வந்திருக்கிறாள். என் நரைத்த தலை, கழுத்து வரைக்கும் போர்வை, நான்தான் நோயாளி என்று நினைத்துவிட்டாள் போல. இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பியைத் தூக்கிப் பூட்டி, என் வாயில் தெர்மாமீட்டரைச் செருகி, "அசையாமப் படுங்க பாட்டி, வந்துடறேன்" என்று போயே விட்டாள். பூட்டு கம்பிக்கு வெளியே கீழே இருக்கிறது, என் கைக்கு எட்டவில்லை. எனக்கோ அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டும். உங்கள் அண்ணனைப் பார்த்தால், இடுப்பு உடைந்ததிலிருந்து சிரிக்காத மனுஷன் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

"சிரிக்காதீங்க, பெல்லை அடிங்க" என்றேன், தெர்மாமீட்டரைத் துப்பிவிட்டு. அடித்தார். யாரும் வரவில்லை. திரும்ப அடித்தார்.

"எனக்குத் தாங்காதுங்க!"

அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வாக்கரை இழுத்துப் போட்டார். எழுந்தார். பிடிக்க வேண்டும் என்று என் கை பறக்கிறது, நடுவில் கம்பி. தோள் ஒரு பக்கம் சாய்ந்தது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருக்கிற தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன், அவரே நிமிர்ந்துகொண்டார். வந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கமே வந்துவிட்டார். குனிந்து பூட்டைத் தட்டிக் கம்பியை இறக்கினார். அப்போதுதான் வாசலைப் பார்க்கிறேன், பயிற்சிக்காரப் பெண் நிற்கிறாள், பெல் சத்தத்துக்கு வந்தவள் எப்போதிலிருந்து நிற்கிறாளோ. கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள், ஆனால் ஒரு கால் வாசற்படி தாண்டி உள்ளே வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தானே பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் இடம் மாற்றவெல்லாம் வர வேண்டாம். வருவதானால் வண்டியோடு வாருங்கள், வீட்டுக்குப் போக.

கம்பி இறங்கியதும் பழக்கத்தில் கையை நீட்டி, "கொஞ்சம் பிடிங்களேன்" என்றேன்.

"ம்ஹூம். நான் பிடிச்சுவிட்டா நீ எப்பக் கத்துக்கறது? நீயா இறங்கு" என்கிறார் உங்கள் அண்ணன்.

இறங்கினேன் தம்பி.